யோனாசுக்குச் சிம்ம ராசி

ஜெர்மனிக்குப் போய் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று என் மகள் அனுப்பிரியா சொன்னபோது, கூப்பிடுகிறவன் யோக்கியனாக இருக்க மாட்டான் என்றுதான் சொன்னேன். அந்தச் சந்தேகம் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. அதற்கு ஓபேர் என்று பெயராம். அந்த வீட்டிலேயே தங்க வேண்டும், பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும், அந்த ஊர் பாஷையும் படிக்க வேண்டும். ஒரு வருசம். வேலைக்காரி இல்லையாம், வீட்டுப் பிள்ளை மாதிரியாம். எங்கள் வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவாதவள் அங்கே போய் வீட்டுப் பிள்ளை.

பொங்கல் கழிந்து புறப்பட்டாள். நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். அவள் பெட்டிக்குள் ஒரு தினசரி காலண்டரைத் திணித்தேன்.

"தினம் ஒரு தாளாக் கிழிச்சுக்கிட்டே வா. வருசத்துக்கு மேல ஒரு நாள் வச்சிருந்தாலும் கேளு. வெள்ளைக்காரன் கணக்கை நம்பாதே."

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் லீனா, சின்னவன் யோனாஸ். அவன் இப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறான். இரண்டுமே என் மகள் பக்கத்தில் வரவில்லை. இவளுக்கு முன்னால் அங்கே இருந்த பெண்தான் வேண்டுமாம். என் மகள் செருப்பைக் கொண்டுபோய்த் துணி துவைக்கிற மிசினுக்குள் ஒளித்து வைத்தானாம் சின்னவன். பிள்ளைகள் ஒட்டாவிட்டால் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று அவர்கள் அம்மா சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு என் பொண்டாட்டி சுப்புத்தாய் மூக்கைச் சிந்தினாள். எனக்கு உள்ளூரச் சந்தோசம். வந்து சேரட்டும் என்றிருந்தேன்.

கெடுத்தது அந்தக் காலண்டர்தான். சமையல்கட்டுச் சுவரில் மாட்டி அவள் தினமும் தாள் கிழிப்பதை யோனாஸ் பார்த்திருக்கிறான். ஒருநாள் நானும் கிழிக்கிறேன் என்று வந்தான். மறுநாள் லீனாவும் வந்து சண்டைக்கு நின்றாள். பிறகு அந்த ஆடு, மாடு, நண்டுப் படமெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவள் ராசி என்று விளக்கி, அதன் பக்கத்தில் போட்டிருக்கும் ஒற்றை வார்த்தைப் பலனையும் படித்துக் காட்டியிருக்கிறாள். யோனாஸ் சிங்கத்தின் மேல் விரலை வைத்து அதுதான் நான் என்றான். லீனாவுக்கு மீன். நட்சத்திரம் பார்க்காமல் எவன் ராசி எடுப்பான் என்று போனில் சத்தம் போட்டேன். என் ராசியும் சிம்மம்தான், அந்த வயிற்றெரிச்சல் வேறு.

அதற்குப் பிறகு காலையில் பூட்ஸ் மாட்டுவதற்கு முன்னால் இரண்டும் அவளிடம்தான் ஓடி வந்தன. பலன் கேட்க வந்தவை தலை சீவவும் அவளிடமே நின்றன. மகள் போனில் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் சிம்மத்துக்குப் பயம் என்று போட்டிருந்தது. இவளும் அப்படியே படித்துவிட்டாள். யோனாஸ் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றான். அவன் அம்மாவுக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. என் பிள்ளை தலையில் என்னத்தை ஏற்றுகிறாய், இவன் கிளம்பாவிட்டால் நீ கிளம்பு என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்குப் போன் வந்தபோது இங்கே உச்சிப்பொழுது. முகத்தைக் காட்டிப் பேசுகிற போன். மகள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பா, காலண்டர் பலன் பொய்யின்னு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கான். நீங்கதான் காலண்டர்காரர்னு அவனுக்குத் தெரியும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மகள் வீடு வந்துவிடுவாள். அவள் போனை மேசைக்கு அடியில் நீட்டினாள். மஞ்சள் முடியோடு ஒரு பொடியன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் என் மகளுடைய துப்பட்டா நுனி. விடுவேனா என்று பிடித்திருந்தான்.

"ஏலே, இங்கன பாரு. நேத்து சிம்மத்துக்கு என்ன போட்டிருந்துச்சுன்னு அவன்கிட்டக் கேளு தாயி."

அவனுக்கு மறக்கவில்லை. சுகம் என்றான், தமிழிலேயே.

நான் காலைத் தூக்கிப் போனுக்கு நேரே காட்டினேன். முழங்கால் வீங்கி, மேலே மஞ்சள் பத்து அப்பியிருந்தது.

"நானும் சிம்மம்தாம்லே. சுகம்னு படிச்சிட்டுத்தான் ஆட்டுக்குத் தழை கட்டப் போனேன். முட்டித் தள்ளிருச்சு. இதுதான் எனக்குக் கெடைச்ச சுகம்."

மகள் அதை அவன் பாஷையில் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ கேட்டான். அந்த ஆட்டுக்கு என்ன ராசி என்று கேட்கிறானாம்.

என் பொண்டாட்டிக்கு வாய் சும்மா இருக்காது. கிழித்துப் போட்ட தாளைத் தேடி எடுத்து எழுத்துக்கூட்டினாள்.

"ஆடுன்னா மேசம்தானே. நேத்து மேசத்துக்கு வெற்றின்னு போட்டிருக்கு."

காரியத்தைக் கெடுத்தாளே என்று அவளை முறைத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ணங்கென்று ஒரு சத்தம். யோனாஸ் சிரித்த சிரிப்பில் மேசையில் தலையை இடித்துக்கொண்டான். இடித்த தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு, என் மகள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போனான்.

அந்த வருசம் முழுக்க இருக்கட்டும் என்று அவன் அம்மா சாயங்காலம் சொல்லிவிட்டாள். என் வாயாலேயே நான் கெட்டேன். இப்போது தினமும் மத்தியானம் அந்தப் பயல் போனில் வந்து ஆட்டைக் காட்டச் சொல்கிறான். காலுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

காலண்டரைக் கழற்றவில்லையாம். அந்த அம்மாவே போன வாரம் அதன் முன்னால் வந்து நின்று தனக்கும் ஒரு ராசி வேண்டும் என்றாளாம். எதைக் காட்டினாள் என்று கேட்டேன். தேளைக் காட்டினாளாம்.

கூப்பிடுகிறவர்கள் யோக்கியம் இல்லை என்று நான் முதலிலேயே சொன்னேன்.