மெத்தோதி தலையாட்டிய விதம்

அப்பா இறந்து ஆறு மாதம் ஆனதற்கான நினைவு நோட்டீஸை, ஊர் வழக்கப்படி, வெள்ளிக்கிழமை கட்டட வாசல் கதவில் ஒட்டினோம். சனிக்கிழமை அதை வெசெலா கிழித்தாள். வெசெலா என் மனைவி. நோட்டீஸில் இருந்த 'நேர்மையானவர்' என்ற வார்த்தை அவள் எழுதிக் கொடுத்ததுதான். அப்பாவின் கடைசி ஏழு மாதமும் அவருக்கு மலம் அள்ளியவளும் அவள்தான். நான் ரொட்டி ஆலையில் இரவு ஷிப்ட். பகலில் தூங்குகிறவனால் யாரையும் பார்த்துக்கொள்ள முடியாது. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாளுக்கும் நடுவே நடந்தது ஒரு சினிமா.

வால்ட்ராவுட் என்ற ஆஸ்திரியப் பெண் போன வருஷம் எங்கள் லோம் ஊருக்கு வந்து ஒரு ஆவணப்படம் எடுத்தாள். விஷயம் வெசெலாவின் அப்பா லூபென். பள்ளியில் இலக்கிய வாத்தியார். எழுபத்தொன்பதில் ஊரில் ஒரு திரைப்பட மன்றம் நடத்தினார். என் அப்பா மெத்தோதி அங்கே படம் ஓட்டுகிறவர். அரசாங்கச் செய்திப் படச் சுருள்களை ஓட்டும்போது ஒன்றைக் கவனித்தவர் அப்பாதான். மூன்று வருஷத்து அமோக அறுவடையிலும் ஒரே டிராக்டர் வருகிறது. இடது மட்கார்டில் அதே நசுங்கல். இதை லூபெனிடம் சொன்னார். லூபென் மன்றத்தில் சொன்னார். திரையில் பார்ப்பது கோதுமை இல்லை, கோதுமையின் ஞாபகம் என்றாராம். அறையில் அப்பாவையும் சேர்த்து ஐந்து பேர். அடுத்த வாரம் ரகசியப் போலீஸார் வந்து லூபெனைக் கூட்டிப்போனார்கள். இரண்டு வருஷம் கழித்து நுரையீரல் கெட்டுத் திரும்பி வந்து, எண்பத்து மூன்றில் செத்தார். வெசெலாவுக்கு அப்போது எட்டு வயது.

ஐந்தில் யார் போலீசுக்கு எழுதிக் கொடுத்தது என்று தெரியாது. கோப்பு தொண்ணூறிலேயே அழிக்கப்பட்டுவிட்டது என்று வெசெலாவுக்குப் பதில் வந்திருந்தது.

சனிக்கிழமை மாலை அந்தப் படம் பார்க்க அரங்கில் ஊரே கூடியிருந்தது. படம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது அப்பாவின் முகம் திரை நிறைய வந்தது. வால்ட்ராவுட்டின் குரல் ஜெர்மனில் கேட்டது. கீழே எங்கள் மொழியில் எழுத்து: 'அவரைக் காட்டிக்கொடுத்தது நீங்களா?' அப்பா பேசவில்லை. தலையை இடமும் வலமுமாக மெதுவாக இரண்டு முறை ஆட்டினார். திரை இருண்டது.

வியன்னாவில் இந்த இடத்தில் ஜனங்கள் அழுதார்களாம். வால்ட்ராவுட்டே மேடையில் சொன்னாள். வீண்பழி சுமந்த கிழவன் என்று. அங்கே தலையை இப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு ஆம். இல்லை என்பதற்கு நாங்கள் மோவாயை மேலே தூக்கி நாக்கைச் சொடுக்குவோம். ஆகவே லோம் ஊரில் யாரும் அழவில்லை. நானூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எல்லோரும் வெசெலாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் நோட்டீஸைக் கிழித்து நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்கு ஸ்பூன்ல ஊட்டினேன் ஒகி," என்றாள். "எனக்குத் தெரியணும். தெரியாம இந்த வீட்ல இருக்க முடியாது."

"அவர் பன்னெண்டு வருஷம் வியன்னாவுல கிடங்கு வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்காரங்ககிட்ட அவங்க மாதிரிதான் தலையாட்டுவார். நீயே பாத்திருக்க."

"கேள்வியை நம்ம மொழியில கேட்டது மொழிபெயர்க்க வந்த பொண்ணு. அது நம்ம ஊர்ப் பொண்ணு. அவர் யாருக்குப் பதில் சொன்னார்?"

நான் லிப்ட் பட்டனை அமுக்கினேன்.

திங்கட்கிழமை காலை வேலை முடிந்து வந்தபோது லிப்ட் முன்னால் கீழ்வீட்டு பெங்கா அக்கா நின்றிருந்தாள்.

"என்ன ஒகி, உங்கப்பா நல்லாவே நடிச்சாரே."

"அது நடிப்பு இல்லக்கா."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள். பையிலிருந்த, வெங்காயத்தாள் மாதிரி நீண்ட லீக் தண்டால் என் தோளைத் தட்டிவிட்டு லிப்டுக்குள் போனாள்.

நான் தலைநகர் சோஃபியாவில் சினிமா படிக்கப் போய் இரண்டாம் வருஷம் ஓடி வந்தவன். முதல் வகுப்பில் ஒரு ஆளின் முகத்தைக் காட்டினார்கள். அதன் பின்னால் கல்யாணக் காட்சியை ஒட்டியபோது அவனுக்குப் பொறாமை என்றோம். தீ விபத்தை ஒட்டியபோது பயம் என்றோம். அந்த ஆள் மதியச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தவன், அவ்வளவுதான் என்று வாத்தியார் சிரித்தார். அன்றைக்கு எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. பிறகு அலுத்துவிட்டது.

வால்ட்ராவுட்டுக்கு எழுதினேன். வெட்டாத பதிவை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். நல்லவள், வியாழனன்றே அனுப்பிவிட்டாள். வெசெலா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். ஆலை மாவு சட்டையில் இருக்க, அப்படியே உட்கார்ந்து பார்த்தேன்.

கலினா என்ற அந்தப் பெண்தான் கேட்கிறாள். "மெத்தோதி மாமா, லூபென் சாரைப் பத்தி எழுதிக் குடுத்தது நீங்களா?"

அப்பா மோவாயைத் தூக்கினார். நாக்கைச் சொடுக்கினார். இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

வால்ட்ராவுட் குழம்பி ஏதோ கேட்கிறாள். இங்கே இல்லைன்னா இப்படித்தான் என்று கலினா விளக்குகிறாள். வியன்னாவில் இது புரியாது, இன்னொரு முறை எங்கள் மாதிரி செய்யச் சொல் என்கிறாள் வால்ட்ராவுட்.

"மாமா, இன்னொரு தடவை. தலைய மட்டும் அவங்க ஊர் மாதிரி ஆட்டுங்க."

அப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். சிரித்தார். படம் ஓட்டும் அறைக்கு அதிகாரிகள் யாராவது வந்தால் சிரிக்கும் சிரிப்பு அது. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

"எந்தப் பதில் வேணும்னு சொல்லிடும்மா," என்றார். "எப்படி ஆட்டினா உங்களுக்குச் சௌகரியமோ அப்படி ஆட்டிடறேன். எனக்கென்ன."

கலினா தடுமாறினாள். "இல்லைங்கறதுதான் மாமா."

"அப்ப சரி," என்றார் அப்பா. இடமும் வலமுமாக இரண்டு முறை ஆட்டினார்.

பல தடவை ஓட்டிப் பார்த்தேன். கிழவன், களைத்துப்போனவன், விருந்தாளிக்கு ஒத்தாசை செய்கிறான் என்று ஒரு தடவை தோன்றியது. அடுத்த தடவை வேறு மாதிரி. எழுபத்தொன்பதில் ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, எப்படி எழுதினால் உங்களுக்குச் சௌகரியம் என்று கேட்கிறவன் தெரிந்தான். டிராக்டரைக் கண்டுபிடித்தவன். தான் கண்டதை லூபென் வாயில் வைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தவன். இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே சிரிப்பு.

இதை வெசெலா கேட்டால் ஒரே ஒரு தடவைதான் கேட்பாள். பெட்டியை எடுப்பாள்.

அந்தப் பேச்சும் கலினாவின் தடுமாற்றமும் 'அப்ப சரி'யும் சேர்த்துப் பதினொரு விநாடி. வெட்டினேன். வெட்டிய இடத்தில் அப்பாவின் முகம் துள்ளியது. பதிவின் ஆரம்பத்தில் அவர் கை காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருக்கும் காட்சி ஒன்று இருந்தது. அதை நடுவில் வைத்து மூடினேன். ஜன்னலுக்கு வெளியே போன லாரியின் சத்தத்தை அதன் மேல் இழுத்துவிட்டேன். பாதியில் விட்ட படிப்பு முதல் தடவையாகப் பயன்பட்டது. தையல் தெரியவே இல்லை.

ஞாயிறு காலை காட்டினேன். வெசெலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றபடியே பார்த்தாள். அப்பா மோவாயைத் தூக்கிய இடத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன்.

"அந்தப் பொம்பளை தன் ஊருக்காக ஆட்டச் சொல்லியிருக்கா. இவரும் ஆட்டியிருக்கார்," என்றாள். "நான் அவர் நோட்டீஸைக் கிழிச்சுட்டு வந்திருக்கேன்."

அழுதாள். எட்டு நாளில் முதல் தடவையாக என் கையைப் பிடித்தாள். நான் பிடிக்க விட்டேன்.

அலமாரியில் நோட்டீஸின் இன்னொரு பிரதி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவளே கீழே இறங்கினாள். நான் ஒட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் காகிதத்தை நேராகப் பிடித்தாள், நான் நாலு மூலையிலும் ஒட்டினேன். பெங்கா அக்கா படியில் நின்று பார்த்தாள்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். படத்தை வெட்டி ஏமாத்தியிருக்காங்க அக்கா," என்றாள் வெசெலா. "முழுசும் எங்ககிட்ட இருக்கு. வாங்க, காட்டறேன்."

பெங்கா அக்கா என்னைப் பார்த்தாள். குப்பைப் பையோடு வெளியே போனாள்.

வெசெலா அப்பாவின் படத்தின் மேல் கையை வைத்து டேப்பின் குமிழை நீவினாள். 'நேர்மையானவர்' என்ற வார்த்தை அவள் விரலுக்குக் கீழே இருந்தது.

"அவ்வளவுதானே ஒகி?" என்றாள், திரும்பாமலே. பிறகு திரும்பினாள். "அதுல வேற ஏதாவது சொன்னாரா?"

அவளுக்கு என்ன வேண்டும் என்பது முகத்திலேயே இருந்தது.

மோவாயைத் தூக்கினேன். நாக்கைச் சொடுக்கினேன்.