நாற்பத்தேழாம் பஸ்ஸில் ஒரு விருந்து

டிப்போவில் அவளை ‘நாற்பத்தேழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அந்தத் தடத்து பஸ்ஸைத்தான் ஓட்டுகிறாள். வீட்டிலோ அவள் மூத்த மருமகள். வருடக் கடைசி விடுமுறைக்கு இரண்டு கொழுந்தன்கள், நாத்தனார், அவர்களுடைய பிள்ளைகுட்டிகள் என்று வீடு நிரம்பிவிடும். வந்தவர்கள் கம்பளிக்குள் கால் நீட்டிக் கதை பேசிக்கொண்டிருக்க, அவள் அடுப்படியில் நிற்பாள். யாரும் பொல்லாதவர்கள் இல்லை. அண்ணி கை பட்டால்தான் ருசி என்று மனதாரச் சொல்வார்கள். அந்தப் பாராட்டே அவளை அடுப்போடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது.

இந்த வருடம், விடுமுறை நாளில் ஓட்ட ஆளில்லை என்று சூப்பர்வைசர் கையைப் பிசைந்தபோது, நான் வருகிறேன் என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டில் மட்டும், டியூட்டி போட்டுவிட்டார்கள், தட்ட முடியவில்லை என்றாள். கணவன் முகம் தொங்கிப்போயிற்று. மாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

அன்று காலை தெருவெல்லாம் பனிமூட்டம். கடைகள் சாத்திக் கிடந்தன. பஸ்ஸில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மட்டும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். ஹீட்டரின் சூடு முழங்காலில் இதமாகப் பட்டது. யாரும் உப்பு கேட்கவில்லை, டீ கேட்கவில்லை. தன்னையறியாமல் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தாள். உடனே நெஞ்சுக்குள் முள் தைத்தது. பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்த கொழுந்தன்கள் வந்திருக்கிறார்கள், நான் இங்கே பாடிக்கொண்டிருக்கிறேனே என்று.

கடைசி நிறுத்தத்தில் போனை எடுத்துப் பார்த்தால் ஆறு அழைப்புகள். பெரிய பாத்திரத்தின் மூடி எங்கே என்று கணவன் ஒரு செய்தியும், கோழி எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று நாத்தனார் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார்கள். பதில் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த நடையில், வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் ஒரு கூட்டம் நின்றது. ஸ்வெட்டரும் குல்லாயுமாக மொத்தக் குடும்பமும். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அவசரமாக பிரேக்கை மிதித்தாள். கதவு திறந்ததும் துண்டு சுற்றிய பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி கணவன் ஏறினான். பின்னாலேயே தட்டுகள், பிள்ளைகள், கொழுந்தன்கள். கடைசியாகக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறினார் மாமியார். இத்தனை வருடத்தில் அவர் மருமகளின் பஸ்ஸில் ஏறியதே இல்லை.

“என்னங்க இது?” என்றாள் அவள்.

“வீட்ல உக்காந்து இதைச் சாப்பிட யாருக்கும் தைரியம் வரலை அண்ணி,” என்றாள் நாத்தனார். “வெந்திருக்கா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்.”

கடைசி நிறுத்தத்தில் அவளுக்கு இருபத்தைந்து நிமிட ஓய்வு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுப்பி, பயணிகள் இருக்கையில் உட்கார வைத்தார்கள். தட்டு தானாகக் கைக்கு வந்தது. சூப்பில் உப்பு தூக்கல். கோழி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பரவாயில்லாமல் இருந்தது. பெரிய கொழுந்தனின் மூன்று விரல்களில் கட்டு. வெங்காயம் நறுக்கிய வீரத்தழும்பாம். அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிடக் கண் கலங்கியது. சூப்பில் மிளகு ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தாள்.

மற்றவர்கள் தட்டு கழுவக் குழாயடிக்குப் போனபோது, மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அத்தை, ஒண்ணு சொல்லணும். இந்த டியூட்டி அவங்க போட்டதில்லை. நானாத்தான் கேட்டு வாங்கினேன்.”

“தெரியும். ஒத்துக்கிட்டதுக்கு நன்றின்னு உன் சூப்பர்வைசர் நம்ம வீட்டுக்குப் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“எதுக்கு? உன் வயசுல நானும் விருந்தாளி வர்ற அன்னைக்குப் பல்வலின்னு சொல்லிட்டு, பல் டாக்டர் வாசல்ல ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பேன். என் பல்லெல்லாம் அப்போ கல்லு மாதிரி இருந்துச்சு.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கிழவிக்கும் அடக்க முடியவில்லை. குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

“இன்னைக்கு நீங்களே சமைங்கன்னு பசங்களை விரட்டினது நான். பஸ்ல ஏறிடலாம்னு சொன்னது மட்டும் உன் வீட்டுக்காரன்,” என்றார் மாமியார், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் ஜன்னல் வழியாகக் கணவனைப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீரில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு அவன் கையை உதறிக்கொண்டிருந்தான். போய்க் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. யூனிஃபார்ம் போட்டிருந்ததால் விட்டுவிட்டாள்.

திரும்பும் நடையில் எல்லோரும் வீட்டு நிறுத்தத்தில் இறங்கினார்கள். மாமியார் மட்டும் அசையவில்லை. இன்னும் இரண்டு நடை வருகிறேன், நீங்கள் போய் அடுப்படியைத் துடையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, முதல் இருக்கைக்கு மாறி உட்கார்ந்துகொண்டார்.

பனி விலகி வெயில் வந்திருந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஏறினார். அவர் உட்காரக்கூட இல்லை, அதற்குள் மாமியார் அவர் பக்கம் சாய்ந்து, “ஓட்டுறது என் மருமக,” என்றார். யார் ஓட்டுவது என்று அவர் கேட்கவே இல்லை.

அதற்கடுத்த நிறுத்தத்தில் ஏறியவளிடமும் சொன்னார். போதும் அத்தை என்று கண்ணாடியில் கண்ணைக் காட்டினாள் மருமகள். கிழவி வேண்டுமென்றே பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.