பாலத்தைக் காணாத சான்றாளர்

பனிக்காலத்துப் பிற்பகல் நான்கு மணிக்கே தேம்சு ஆற்றின்மேல் இருள் கவிந்து, பாலங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண்விழிக்க, நாளேடுகள் நெருங்கி வாழும் பிளீட் தெருவில் அச்சுமையின் மணமும் நனைந்த கம்பளியின் மணமும் கலந்து உலவிய வேளையில், நாற்பதாண்டுகள் செய்தி எழுதி, அதனிடையே போர் வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக யாத்து, 'அவர் சொன்னால் சரி' என்னும் பெயரை நாடெங்கும் ஈட்டிய லெனர்ட் ஆசுகெட், தம் மேல்மாடி அறையில் ஒரு பெண்மணியின் முன் வீற்றிருந்தார்.

வந்தவள் வினிபிரெட் கெட்னி. போரில் ஓர் ஆற்றுப்பாலத்தைக் காத்து நின்று காணாமற்போன படைவீரன் ஆல்பிரெட் கெட்னியின் மகள். அவன் காவலை விட்டு ஓடினான் என்று ஆசுகெட்டின் இரண்டாம் தொகுதி கூறியதால், ஊர்க்கோயில் நினைவுக்கல்லில் அவன் பெயரை வெட்ட ஊரார் மறுத்தனர். வரும் ஞாயிறன்று அதைப் பற்றிப் பேச அவர்கள் மீண்டும் கூடுகின்றனர். வினிபிரெட்டின் எண்பத்திரண்டு அகவைத் தாயோ படுத்த படுக்கையாய் அந்நாளை எதிர்நோக்கிக் கிடக்கிறாள்.

“அன்னைக்கு வந்த பேப்பர்தான் ஆதாரம்னு உங்க புத்தகத்துல பக்கத்துக்கு அடியில போட்டிருக்கீங்க. அதுல எழுதினவர் பேரே இல்லையே ஐயா! 'நம் தனிச் செய்தியாளர்'னு மட்டும் இருக்கு. அந்த மகராசன் உயிரோட இருக்காரா?”

பெயரின்றி எழுதுவது அக்காலத்து நாளேட்டு மரபு. அம்மரபின் நிழலில், இளைஞர் ஆசுகெட் எழுதியதை வரலாற்றாசிரியர் ஆசுகெட் பிறர் சான்றென எடுத்தாண்டபோது அவருக்குச் சற்றும் கூசவில்லை.

“இருக்கான். உங்க முன்னாடிதான் உட்கார்ந்திருக்கான்.”

“அப்போ எங்கப்பா ஓடினதைப் பார்த்தீங்களா?”

“இல்லம்மா. ஏழு மைல் தள்ளி ஒரு சத்திரத்துல காய்ச்சலோட படுத்திருந்தேன். ஓர் அதிகாரி குடிச்சிட்டுச் சொன்னதை எழுதி அனுப்பினேன்.”

“நல்லா இருக்கே! சொன்னதும் நீங்க, சாட்சியும் நீங்களா? ஓடலேன்னு எழுதிக் கொடுங்க.”

“அதுவும் எனக்குத் தெரியாதே.”

“தெரியாதுன்னே எழுதுங்க. பழி போட மட்டும் தெரிஞ்சுதாக்கும்!”

அப்படியொரு மடல் வெளிவந்தால் மூன்று தொகுதிகளையும் இனி எவரும் நம்பார் என்பதை அவர் அறிவார். ஆயினும் அச்சமோ நாணமோ எழவில்லை; மரத்துப்போன தம் காலைப் பிறர் காலெனத் தடவுவார்போலத் தம் வாழ்நாளைத் தடவிப் பார்த்துவிட்டு, நான்கே வரி எழுதிக் கையொப்பமிட்டார்.

அவள் இருமுறை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவருகே நின்றாள்.

“அம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. ஓடலேன்னா அவர் எங்க விழுந்தார்? பூ வைக்க ஒரு இடம் வேணுமாம்.”

பழக்கத்தால் அவர் கை நூலின் பெயரடைவைப் புரட்டியது. படைத்தலைவர்கள் இருந்தனர், ஆறுகள் இருந்தன, வெள்ளத்தில் மாண்ட குதிரைகளின் தொகைகூட இருந்தது. கெட்னிக்கு ஒரே பக்கம். அதையும் அவர் இப்போதுதான் நான்கு வரியால் அழித்திருந்தார்.

அவள் படியிறங்கினாள். பொய்யை நீக்க ஒரு தாள் போதுமாயிருந்தது. அப்பொய்யின் இடத்தில் வைக்க வேண்டிய மெய்யை நேரில் கண்டிருக்க வேண்டிய நாளிலோ, அவர் சத்திரத்தில் படுத்திருந்தார்.