கண்ணாடிக் கடைக்காரர் அடித்த அறுபத்திரண்டு பந்துகள்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அடித்த கோல்ஃப் பந்துகளில் அறுபத்திரண்டு கீழே இறங்கவில்லை. கிளப்பின் ஏழாவது குழிக்குப் போகும் புல்வெளிக்கு மேலே, மூன்று மாடி உயரத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. காற்றில் ஆடுவதில்லை; மழை பெய்தால் நனைந்து சொட்டும், அவ்வளவுதான். முதல் பந்து நின்ற அன்று ஊரே திரண்டு வந்து வாயைப் பிளந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துப் போனார். கல்லூரி வாத்தியார் ஒருவர் ஏணி கேட்டார்; அந்த உயரத்துக்கு ஏணி இல்லை என்றதும் அவரும் போய்விட்டார். பத்தாவது பந்துக்குப் பிறகு யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியை யார் தினமும் நின்று பார்க்கிறார்கள்? கிளப் கமிட்டி மட்டும் கூடி, காற்றில் நிற்கும் பந்து தொலைந்த பந்தாகவே கருதப்படும் என்று ஒரு விதி எழுதியது. வானம் நிரம்பிவிடக் கூடாது என்பதால், கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பந்துதான் அடிக்கலாம், அதுவும் ஏழாவது குழியில் மட்டும்தான் என்று இன்னொரு விதியும் சேர்த்தது. தேநீர் வந்தது, குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஊர் பார்ப்பதை நிறுத்தியும் கடைக்காரர் கூசுவதை நிறுத்தவில்லை. எதிர்க்கடையில் ஒருவர் கொட்டாவி விட அண்ணாந்தால்கூட இவர் உள்ளே போய் ஃபிரேம் பெட்டிகளைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். கிளப் செயலாளரான மச்சான் இழுத்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் மட்டையைப் பிடித்தவர் அவர். பந்துகள் மேலே நிற்கத் தொடங்குவதற்கு முன்னும் ஒன்றும் பிரமாதமாக அடித்துவிடவில்லை. பந்து வலது பக்கமாக வளைந்து ஓடும். ஆனால் ஓடும், விழும். இப்போது விழாததற்கு அவருடைய வீச்சில்தான் ஏதோ கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூடப் பாடம் எடுத்தார்கள். கண் பரிசோதனைக்கு வந்தவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துப் பலகையின் மூன்றாம் வரியைப் படிப்பார். நான்காம் வரி தெரியாமல் போகும்போது, "முழங்கையை மடக்காதீங்க சார்" என்பார். மச்சான் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். அந்த மனிதர் கடைக்காரரின் இரண்டு அக்குளிலும் துண்டைச் செருகி, அது விழாமல் வீசச் சொன்னார். ஃபிரேமில் திருகு போடும்போது பிடிக்கிற பிடிதான் மட்டைக்கும், அதற்கு மேல் இறுக்கக் கூடாது என்றார். "நீங்க பந்தைப் பாக்கல. யார் பாக்குறாங்கன்னு பாக்குறீங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். கடைக்காரர் வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் துண்டும் மட்டையுமாக மாதக்கணக்கில் நின்றார். கூடத்து விளக்கு போயிற்று, சுவர்க் கடிகாரம் போயிற்று. "ஏங்க, பந்தே இல்லாம இவ்வளவு உடைக்கிறீங்களே, பந்து இருந்தா வீடு மிஞ்சுமா?" என்றாள் மனைவி.

பூசி மெழுகாமல் விஷயத்தைச் சொல்லிவிடுவதுதான் நல்லது. கோளாறு வீச்சில் இல்லை. முதல் பந்து நின்றதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரர் அடித்த பந்து ஒன்று ஏழாவது குழிப் பக்கம் வலதாக வளைந்தது. அங்கே புல்வண்டிக்காரம்மா இருந்தார். புல் வெட்டும் வண்டியைப் பதினான்கு வருடமாக ஓட்டுபவர் அவர். வண்டியை அணைத்துவிட்டு, காது அடைப்பானைக் கழுத்தில் இறக்கிவிட்டு, பிளேடில் சிக்கிய புல்லைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் 'ஃபோர்' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கேட்டவர்கள் தலையைப் பொத்திக்கொள்வார்கள். அந்த விளையாட்டில் நுழைகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் பக்கத்துக் குழியில் மச்சானும் கமிட்டிக்காரர்களும் நின்றிருந்தார்கள். அன்றைக்கு அது அவருக்கு வரிசையாக நான்காவது மோசமான அடி. கத்தினால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஐயோ, ஒரு சொல்! ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு நின்றார் அந்த மனுஷன். பந்து அந்த அம்மாவின் இடது காதில் அடித்தது. எல்லோரும் ஓடினார்கள், அவரும் ஓடினார், தண்ணீர் தெளித்தார். புல்லில் கிடந்த தன் பந்தைக் காலணியால் மிதித்து ஈர மண்ணுக்குள் அமுக்கியதும் அதே கையோடு நடந்தது.

இடது காது போய்விட்டது. அடித்தவர் யாரென்று தெரியாததால், ஆட்டம் நடக்கும்போது காது அடைப்பானோடு புல்வெளிக்குள் நுழைந்தது தன்னுடைய கவனக்குறைவே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கமிட்டிக்காரர்கள் அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். கடைக்காரர் பை நிறையப் பழத்தோடு பார்க்கப் போனார். தையல்காரரான கணவர் ஊசியில் நூல் கோக்கத் திணறுவதைக் கண்டு, கடைக்குக் கூட்டிப்போய் நல்ல கண்ணாடியாகப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அவரைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். இருபது பந்து காற்றில் நின்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்வண்டிக்காரம்மா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. இந்த கிளப்ல மனுஷனா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்களை எல்லாரும் சிரிக்கிறது எனக்குப் பொறுக்கல. நான் வண்டியில உக்காந்து ஆயிரக்கணக்கான பேர் அடிக்கிறதைப் பாத்தவ. வாரம் அரைமணி நேரம் நான் சொல்றேன், கேக்குறீங்களா?" என்றார். கடைக்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பூமி பிளக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினார்.

வெளியூர்ப் பயிற்சியாளர் கண்டுபிடிக்காததை அந்த அம்மா மூன்றாம் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "கோளாறு கண்ணுல இல்ல சார், உங்க பின்னங்கால்ல. மட்டை பந்துல படுறதுக்கு முன்னாடியே அது கிளம்பிடுது. அடிச்சுட்டு ஓடிடணும்னு நிக்கிற மாதிரி இருக்கு. அடிச்சா நிக்கணும். பந்து எங்க போய் விழுதுன்னு பாக்குற வரைக்கும் அசையக் கூடாது." பந்துதான் விழுவதில்லையே! ஆகவே மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிய நிலையிலேயே அவரை நிற்கவைத்தார். பத்து நிமிடம், கால் மணி, ஒருமுறை முக்கால் மணி நேரம். காக்கை ஒன்று அவருடைய மட்டை நுனியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. வண்டி ஓட்டும்போது அந்த அம்மா இப்போதெல்லாம் வலது காதுக்கு மட்டும்தான் அடைப்பான் வைத்தார், இடதுக்குத் தேவைப்படவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கடைக்காரருக்குச் சோறு இறங்காது. எட்டாவது வாரம் அவர் ஒரு காரியம் செய்தார். அந்த அம்மாவின் இடது பக்கம் நின்றுகொண்டு, உதடு அசையாத குரலில், "அன்னைக்கு அடிச்சது நான்தான்" என்றார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. "இடுப்பைத் திருப்புங்க" என்றார். கடைக்காரர் சொல்லிவிட்டோம் என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்குப் போய், அன்று கொஞ்சம் சாப்பிட்டார். அதற்கப்புறம் வாராவாரம் இது நடந்தது. செவிட்டுக் காதில் முப்பது தடவை மன்னிப்புக் கேட்ட மகானுபாவர் வேறு எந்த ஊரிலாவது உண்டா, தெரியவில்லை. பந்து ஒன்றுகூட இறங்கவில்லை.

புல்வெளிக் கண்காணிப்பாளர் வேலை காலியானது. பதினைந்து வருட அனுபவம் உள்ள புல்வண்டிக்காரம்மாவுக்குத்தான் அது என்று தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கமிட்டி அந்தக் கவனக்குறைவுக் காகிதத்தை எடுத்து வைத்து, யோசிக்க ஒரு மாதம் வேண்டும் என்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போல வந்தார். "வேலை போனாப் போகுது சார். யாரும் கத்தலன்னு அன்னைக்கே சொன்னேன், ஒருத்தரும் நம்பல. இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கத்தியிருப்பாங்களோ, நான்தான் கவனிக்கலையோன்னு. ராத்திரி பகல்னு இல்ல, அதே யோசனை. புள்ளைங்க கூப்பிட்டாக்கூட முதல் தடவை நிஜமாத்தான் கூப்பிட்டாங்களான்னு தோணுது. சரி, விடுங்க. அடிங்க பாக்கலாம்" என்றார்.

கடைக்காரர் அடித்தார். பின்னங்கால் அசையவில்லை. மட்டை முழுசாகச் சுற்றித் தோளுக்கு வந்தது. அறுபத்திரண்டாவது பந்து வளையாமல், கோடு போட்டது போல நேராகப் போய், மற்ற பந்துகளோடு நின்றது. "அப்படிப் போடுங்க! இதுதான் சார் வீச்சு! கத்துக்கிட்டீங்க சார்!" என்று அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவரைக் கொன்றுவிட்டது. மட்டையைத் தூக்கியபடியே நின்று, வழக்கம்போல இடது காதுப் பக்கம், "நான்தான். நான்தான் கத்தல" என்றார். கண்ணீர் மூக்குவரை வந்துவிட்டது. அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். "என்னமோ சொன்னீங்க. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றார்.

இடமிருந்து வலம் நாலு எட்டு. அதை நடக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால், பின்னால் ஆட வந்த இரண்டு குழுக்கள் காத்திருந்து, அலுத்து, எட்டாவது குழிக்குப் போய்விட்டன. வலது பக்கம் வந்து, அடித்ததையும் கத்தாததையும் பந்தை மிதித்ததையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது மேலிருந்து ஒரு பந்து புல்லில் தொப்பென்று விழுந்தது. இரண்டு பேரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "உங்க பழத்தை என் புள்ளைங்களுக்குக் குடுத்தேன்" என்றார் அம்மா. வண்டியில் ஏறி, அடைப்பானை மாட்டிக்கொண்டு, புல் வெட்டப் போய்விட்டார்.

கடைக்காரர் வியர்த்த சட்டையோடு நேரே கமிட்டி அறைக்குப் போனார். ஐந்து பேர் இருந்தார்கள். "மாப்ள, வெளியில போய்ப் பேசிக்கலாம்" என்று மச்சான் எழுந்து தடுத்தும், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பந்து விழுந்தது. ஐந்தாவது விழவில்லை. ஆளுக்கொரு பந்து என்றால், கேட்டவர்களில் ஒருவருக்கு விஷயம் புதிதல்ல என்பது தலைவருக்கு மெதுவாக உறைத்தது. எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "அன்னைக்கே பாத்துட்டேன். என் தங்கச்சி புருஷனாச்சே, என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். அந்த வாரமே காகிதம் கிழிபட்டது, இரண்டு மன்னிப்புக் கடிதங்கள் எழுதப்பட்டன, புல்வண்டிக்காரம்மா கண்காணிப்பாளரானார். மச்சானுக்குப் பதவி போயிற்று, கடைக்காரருக்கு ஒரு வருடத்துக்கு கிளப் வாசல் மூடப்பட்டது.

புதிதாகக் கேட்பவர் ஒருவருக்கு ஒரு பந்து என்று கணக்குப் பிடிபட்டதும், கடைக்காரர் வந்தவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். மனைவியிடம் சொன்னார், ஒன்று விழுந்தது, மூன்று நாள் அவள் பேசவில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், எழுத்துப் பலகைக்கு முன்னால் ஒரு சொல் மாறாமல் சொன்னார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் காது மடல் சிவந்தது. அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவர் சொல்வதற்கு முன்பே செய்தி ஓடிப்போய் நின்றது. "தெரியும் சார், எனக்குக் கிட்டப்பார்வைக்கு மட்டும் பாருங்க" என்றார்கள். கடையை மூடிவிட்டுப் பேருந்து நிலையத்தில் நின்று, வெளியூரிலிருந்து இறங்குகிறவர்களைப் பிடித்துச் சொன்னார். பாதிப் பேர் இவர் எதையோ விற்கிறார் என்று கையை உதறிவிட்டு நடந்தார்கள். கேட்டவர்களுக்குப் பந்து விழுந்தது. இப்படி ஒன்பது மாதத்தில் அறுபத்தொன்று இறங்கின. ஆள் இல்லாத இடம் பார்த்து இறங்கியதால் யாருக்கும் அடிபடவில்லை. தோட்டத்து ஆட்கள் பொறுக்கி வாளியில் போட்டு, பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள்.

ரயில்வேயில் மாற்றலாகி வந்த ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். ஊருக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒருவரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கடைக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தொண்டையைச் செருமினார். அந்த நேரம் கணவருக்குப் புதுக் கண்ணாடி வாங்கிப்போகக் கண்காணிப்பாளரம்மா உள்ளே வந்தார். அத்தனை மாதத்தில் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதற்காகச் செருமுகிறார் என்று பார்த்த உடனே புரிந்துகொண்டார்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றார்.

கடைக்காரர் திகைத்தார். "இன்னும் ஒண்ணுதாம்மா பாக்கி. இதோட முடிஞ்சிடும்."

"உங்களுக்கு முடிஞ்சிடும் சார். எனக்கு இன்னமும் சில நாள் அந்தச் சந்தேகம் வருது. கத்தியிருப்பாங்களோன்னு. அப்பல்லாம் நான் வண்டியை நிறுத்திட்டு நிமிந்து அதைத்தான் பாக்குறேன். அது ஒண்ணு அங்கயே இருக்கட்டும்."

கடைக்காரர் ரயில்வேக்காரரிடம் வலது கண்ணைப் பொத்தச் சொன்னார். கண்காணிப்பாளரம்மா கண்ணாடிக்கு உரிய காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பந்து இன்னும் ஏழாவது குழிக்கு மேலேதான் நிற்கிறது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், பந்து என்று சொல்கிறோம். யாருடையது என்று கேட்டால், அந்த அம்மாவுடையது என்று சொல்கிறோம்.