இரண்டு வயதுக் கட்டைவிரல்

சத்யப்பிரியாவுக்குப் பதினேழு வயது முடிந்தபோது அவளுடைய வலது கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு வயதுதான் ஆகியிருந்தது. பிறந்தது முதல் அது பெரும்பாலும் வாயிலேயே இருந்ததால், மற்ற ஒன்பது விரல்களும் வளர்ந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டது. உப்பலாக, அடியில் இரண்டு மடிப்போடு, வெங்காயத் தோல் மாதிரி நகத்தோடு இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் அவர்கள் தெருவில் இது எல்லாருக்கும் தெரியும். அவள் அப்பா, பாத்திரக்கடை மணவாளன், அவளை ஆதார் எடுக்க அழைத்துப் போனபோது, ஐந்து வயதுக்குக் கீழே ரேகை எடுப்பதில்லை என்று சொல்லி ஒன்பது விரலைப் பதிந்து அனுப்பினார்கள். அவரும் அது நியாயம்தான் என்று திரும்பிவிட்டார்.

அவளால்தான் அப்படி இருக்க முடியவில்லை. வகுப்பில் வலது கையின் மேல் உட்கார்ந்துகொள்வாள், பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். வேப்பெண்ணெய் தடவினாள், பிளாஸ்திரி சுற்றினாள். வாயைப் பிரிந்த விரலுக்கு ஜுரம் வந்தது. அம்மா மங்கலம் அதற்கு மட்டும் ஈரத்துணி சுற்றிவிடுவாள். ஜுரம் விட்டால் துள்ளும், துள்ளினால் அவளுக்குத் தூக்கம் போகும். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்து, தன்னை அறியாமல் அதை வாயில் வைப்பாள். அது அடங்கும். அவளுக்கு அழுகை வரும்.

சிதம்பரத்தில் கல்லூரி கிடைத்தது. தினமும் ரயில். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் மகேஸ்வரியும் அதே வண்டியில், அதே வகுப்பு. ஒரு நாள் காலை, பரங்கிப்பேட்டை தாண்டியதும் அடித்த காற்றில் சத்யப்பிரியா கண்ணயர்ந்தாள். விரல் பிளாஸ்திரியை உருவிப் போட்டுவிட்டு வாய்க்குள் போனது. எதிரே இருந்த வகுப்புப் பையன் ஜெயப்பிரகாஷ் அதைச் செல்போனில் வீடியோ எடுத்தான். வண்டி சிதம்பரம் சேர்வதற்குள் வகுப்பே பார்த்துவிட்டது. அவள் பிளாட்பாரத்திலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஊர் திரும்பினாள். அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போகவில்லை. விரலை எடுத்துவிட வேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்ததால் மணவாளன் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் விரலைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாதான இருக்குது. ரெண்டு வயசு. அதுக்காக யாருகிட்டம்மா நான் கையெழுத்து வாங்குறது?"

"நான் போடுறேன் சார்."

"நீயே இன்னும் மைனரு" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரி வந்தாள். பிளாஸ்திரியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"இன்னாடி இது? ரெண்டு வயசுப் புள்ளய சுத்திக் கட்டி வச்சா அழுவாதா?"

"அதுனால என் மானமே போச்சுடி."

"எங்க அக்கா, புள்ளைக்குப் பால மறக்கடிக்கச்ச கையில எதுனா குடுத்துனே இருக்கும். இதுக்கு நீ இன்னா குடுத்த?"

மகேஸ்வரி பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்து அவளைக் கடற்கரைக்கு இழுத்துப் போனாள். ஈர மணல், காயப்போட்ட கருவாடு, வலையின் முடிச்சு. வாயின் சூட்டைத் தவிர வேறொன்றும் அறியாத விரல் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. சாயங்காலம் அதற்கு ஜுரம் வரவில்லை.

பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. சுவிட்சைத் தட்டும், பிசைந்த மாவில் குழி போடும், சிதம்பரம் கீழவீதியில் வளையல் கடையை விட்டு வராது. அதன் பின்னாலேயே ஓடி ஓடி அவள் கல்லூரிக்கும் போகத் தொடங்கியிருந்தாள். ரயிலில் அது ஜெயப்பிரகாஷின் சட்டைப் பொத்தானைப் பிய்த்தது. அவன் வீடியோவை அழித்துவிட்டதாக ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

விரலும் வருஷத்துக்கு ஒரு வயது வளர்ந்தது. மற்ற விரல்களை எட்டிப் பிடிக்கும் அவசரம் எதுவும் அதற்கு இல்லை. மூன்றாம் வருஷத்துக் கடைசிப் பரீட்சையின்போது அவளுக்கு இருபது, அதற்கு ஐந்து. ஒரு கேள்விக்கு விடை வரவில்லை. கை தானாக மேலே போனது. பழக்கம் அவளுடையது. விரல் ஒரு கணம் உதட்டுக்குள் இருந்தது. பிறகு சுற்றிலும் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதை உணர்ந்து, கூச்சப்பட்டு, தானே வெளியே வந்துவிட்டது. சத்யப்பிரியா அதைத் துப்பட்டாவில் துடைத்து, பேனாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைப் படித்தாள்.