இடது தொடையில் ஒரு பெருக்கல் குறி

இடுப்பு மூட்டை மாற்றப் போகிறவரைப் பல் டாக்டரிடம் அனுப்பியபோதே தையல்காரருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"இடுப்புக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? அவரு இவருக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கறாரு, இவரு அவருக்கு" என்றார் மனைவியிடம்.

"பல்லுல சொத்தை இருந்தா அந்தக் கிருமி ரத்தத்தோட போய்ப் புது மூட்டுல குடியேறிடுமாம். காகிதத்துல போட்டிருக்கு."

"காகிதத்துல என்ன வேணா போடலாம்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு பக்கக் காகிதம் அது. ஆபரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியது, பின்னால் செய்யக்கூடாதது எல்லாம் அதில் இருந்தன. அவள் அதைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரி ஒவ்வொன்றாக முடித்துவந்தாள். கால் தடுக்கும் என்று மிதியடிகளைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். தரையில் கிடந்த மின்சார ஒயரைச் சுவரோடு சேர்த்துக் கட்டினாள். தாழ்வான நாற்காலியில் உட்காரக்கூடாது, இடுப்பு மடங்கிப் புது மூட்டு நழுவிவிடும் என்று எழுதியிருந்ததால், தச்சரைக் கூப்பிட்டு நாற்காலியின் நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்தினாள்.

எல்லாவற்றையும் அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டையே ஒழித்துக் காலி செய்கிறாளே, நான் திரும்பி வரமாட்டேன் என்று முடிவே கட்டிவிட்டாளா? அப்படியே வந்தாலும் இந்த உயரமான நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்த்தி வைத்துவிட்டு, கடையை வாடகைக்கு விட்டுவிடுவாளோ?

அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்பது வருஷம் துணி வெட்டியவர். வெட்டிய துணியை மறுபடி ஒட்டவைக்க முடியாது என்ற பயம் கையிலிருந்து மெல்ல மெல்ல மனசுக்கும் ஏறிவிட்டது, அவ்வளவுதான். யார் சொன்ன அளவையும் நம்பமாட்டார், தானே டேப் பிடிப்பார். பாக்கெட் எந்தப் பக்கம் என்று வாடிக்கையாளரிடம் மூன்று தடவை கேட்பார். "ஏங்க, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவர்கள் சலித்துக்கொண்டால், "உங்க துணி மேல இருக்கிற மரியாதைங்க" என்பார். துணியில் கறையோ நெசவுப் பிசகோ கண்ணில் பட்டால் சாக்பீஸால் அங்கே ஒரு பெருக்கல் குறி போடுவார். இந்த இடத்தில் கத்தரி வைக்காதே என்று அதற்கு அர்த்தம்.

வலது இடுப்பு தேய்ந்து தேய்ந்து அந்தக் கால் அரை இன்ச் குட்டையாகிப்போனதையும் டாக்டருக்கு முன்பே டேப் வைத்துக் கண்டுபிடித்தவர் அவர்தான். பேன்ட்டின் வலது காலை மட்டும் அரை இன்ச் மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் வெட்டு மேஜை முன்னால் கால்மணி நேரம் நிற்க முடியவில்லை. வேலை வேண்டும் என்றால் கால் வேண்டும். அதனால்தான் சம்மதித்தார்.

அட்மிட் ஆவதற்கு முந்தின நாள் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். நல்ல மனசு, வாய்க்கு மட்டும் பூட்டுக் கிடையாது.

"ஒண்ணும் பயப்படாதீங்க மாப்ள. முதுகுல ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழ மரத்துடும். மறுநாளே நிக்க வெச்சிடுவாங்க. ஆனா ஒண்ணு…"

"என்ன ஆனா?"

"எந்தக் கால்னு மட்டும் நீங்க கவனமா இருங்க. என் ஆபீஸ்ல ஒருத்தரோட சித்தப்பாவுக்கு நல்ல காலை அறுத்துட்டாங்களாம்."

"அண்ணே! ஆறுதல் சொல்ல வந்தியா, இல்ல ஆளை அனுப்பிவைக்க வந்தியா?" என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினாள்.

"நான் பாத்ததில்லம்மா, கேள்விப்பட்டதுதான்" என்று மச்சான் பின்வாங்கினார். விதை விழுந்தாயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அது முளைவிட்டது. சீட்டு எழுதியவர், "எந்தக் கால் ஆபரேஷன்?" என்று கேட்டார். ரத்தம் எடுத்த பெண் கேட்டாள். எக்ஸ்ரேக்காரர் கேட்டார். மயக்க டாக்டர் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுவிட்டு, "எந்தக் கால்?" என்றார். வார்டு சிஸ்டர், கையில் அட்டையை வைத்துக்கொண்டே, "எந்தக் கால் ஐயா?" என்றார்.

"ஒருத்தருக்காவது தெரியுதா பாரு" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார். "அட்டைல எழுதியிருந்தா எதுக்குக் கேக்கணும்?"

"பேசாம படுங்க. ஆண்டவன் பாத்துப்பான்."

"ஆண்டவனுக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியணுமே!"

சாயங்காலம் எலும்பு டாக்டர் வந்து, பேனாவால் வலது தொடையில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். அது போதாதா? நமக்குப் போதும். அவருக்குப் போதவில்லை. மனைவி வெந்நீர் வாங்கிவரப் போன சமயம் பார்த்து, கடையில் துணிப் பைகளில் பெயர் எழுதுகிற அழியாத மார்க்கரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இடது தொடையில், நல்ல காலில், பட்டையாக ஒரு பெருக்கல் குறி போட்டார். இங்கே கத்தரி வைக்காதே. அன்றைக்குத்தான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு வந்தது.

காலையில் வார்டு அக்கா வந்தாள். வார்டில் எல்லாருமே அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிருமி போக்கும் சோப்பைக் கையில் கொடுத்து, குளியலறையில் ஸ்டூல் போட்டு, "கால் வழுக்கும்யா, கம்பியைப் பிடிச்சுக்கோங்க. நான் வெளியதான் நிக்கறேன்" என்றாள். அவர் குளித்து வந்ததும் முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற ஆஸ்பத்திரி அங்கியை, குளிர் படாமல் இருக்க இழுத்து இழுத்துக் கட்டிவிட்டாள். கேட்காமலே இன்னொரு போர்வை கொண்டுவந்து கால் வரைக்கும் போர்த்தினாள்.

இவ்வளவு பரிவு எதற்கு? ஏதோ எதிர்பார்க்கிறாள் என்று அவர் நினைத்தார். அவள் எதையும் எதிர்பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. பச்சை உடுப்பில் இருந்த சிஸ்டர், "உங்க பேரு? எந்தக் கால்?" என்று ஆரம்பித்தார். "வலது" என்றார் அவர், பல்லைக் கடித்தபடி. சிஸ்டர் போர்வையை விலக்கினார். வலது தொடையைப் பார்த்தார். இடது தொடையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டர், ரெண்டு கால்லயும் குறி இருக்கு."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றது. எலும்பு டாக்டர் வெளியே வந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்கள். தையல்காரர் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளை முதலிலிருந்து வாசித்தார்கள்.

பார்த்தாயா, குழம்பிவிட்டார்கள்! மச்சான் சொன்னது சரிதான். அவர் ஸ்ட்ரெச்சரின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒரு குறிதான் போட்டேன்" என்றார் டாக்டர். "இது யார் போட்டது? காலைல இவரைத் தயார் பண்ணது யாரு?"

வார்டு அக்காவைக் கூப்பிட்டார்கள். கையைப் புடவையில் துடைத்தபடி ஓடிவந்தாள்.

"இந்தக் குறி உன் கண்ல படலையா? நீதான் எதையாவது வெச்சுக் கிறுக்கினியா?" என்றார் சிஸ்டர்.

"நான் போடலைங்க. ஐயா குளிக்கும்போது நான் வெளியதானே நின்னேன்…" அவள் குரல் இறங்கிவிட்டது. "சத்தியமா நான் இல்லைங்க."

அவளை யாரும் நம்புகிற மாதிரி தெரியவில்லை. எல்லார் கண்ணிலும் சந்தேகம். அந்தப் பார்வை தையல்காரருக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. நாற்பது வருஷமாக அவரே பார்த்த பார்வை. பல் டாக்டரை, தச்சரை, கட்டின மனைவியை இப்படித்தான் பார்த்திருக்கிறார். அது ஒரு நிரபராதியின் முகத்தில் விழுந்தால் அந்த முகம் எப்படிச் சுருங்குகிறது என்பதை மட்டும் இன்றைக்குத்தான் பார்த்தார். அவர் வாயைத் திறக்காவிட்டால் பழி அவள் தலையில். திறந்தால் இத்தனை பேர் முன்னால் மானம் போகும்.

"அந்தம்மாவை விட்டுடுங்க" என்றார். "நான்தான் போட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"எங்க கடைல பெருக்கல் போட்டா வெட்டாதேன்னு அர்த்தங்க. நீங்க கால் மாத்திப் பண்ணிடுவீங்களோன்னு பயந்து…"

டாக்டர் அந்தப் பெருக்கல் குறியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஸ்ட்ரெச்சரின் விளிம்பில் கை வைத்துக் குனிந்தார்.

"ஐயா, எங்க கடைல எந்தக் குறியா இருந்தாலும் 'இங்கதான்'னு அர்த்தம். அதனாலதான் நல்ல காலை வெறுமையா விடறோம். சொன்னீங்களே, அது போதும். சந்தேகம் தீராம நாங்க கத்தி எடுக்க மாட்டோம். இதுக்குத்தான் ஆளாளுக்குக் கேக்கறோம்."

பாக்கெட் எந்தப் பக்கம் என்று மூன்று தடவை கேட்கிற தன் குரல் அவர் காதில் விழுந்தது. துணிக்கே அத்தனை மரியாதை என்றால் காலுக்கு எத்தனை!

வார்டு அக்கா பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து இடது தொடையைத் துடைத்தாள். மை லேசில் போகவில்லை.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் அவர் மெதுவாக.

"நல்ல மையாத்தான் வாங்கியிருக்கீங்க" என்றாள் அவள். "என் பையன் புத்தகப் பைல பேரு எழுதணும். வீட்டுக்குப் போறப்ப அந்தப் பேனாவைக் குடுத்துட்டுப் போங்க." அழுத்தித் துடைத்தால் வலிக்கும் என்று பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்தாள். ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று மனைவி சொன்னது இப்படிப்பட்ட கைகளைத்தானோ என்று அவருக்குத் தோன்றியது.

உள்ளே, முதுகு ஊசிக்கு முன்னால், கடைசியாக ஒரு தடவை கேட்டார்கள்.

"எந்தக் கால்?"

"வலது கால்ங்க" என்றார். இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை.

மறுநாள் வாக்கரைப் பிடித்து நின்றார். ஐந்தாம் நாள், மார்க்கர் கை மாறிய பிறகு, வீட்டுக்கு வந்தார். மிதியடி இல்லாத தரையில் வாக்கர் தடங்கலில்லாமல் போயிற்று. கட்டை வைத்த நாற்காலி, அளவெடுத்துத் தைத்த மாதிரி, அவர் உட்கார ஏற்ற உயரத்தில் இருந்தது. பக்கத்திலேயே, கை எட்டும் இடத்தில், கடைச் சாவியைக் கொத்தோடு மாட்டியிருந்தாள் மனைவி. அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து டேப் வைத்து அளக்கச் சொன்னார். அவர் குனியக்கூடாது என்பதால் அவள்தான் அளந்தாள். இரண்டு காலும் ஒரே அளவு. பழைய பேன்ட்டையும் தையல் பிரிக்கிற சின்னக் கத்தரியையும் எடுத்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கால் மடிப்பைப் பிரிக்கணும்?"

"வலது."

"நிச்சயமா?"

"இன்னொரு தடவ கேளு" என்றார் தையல்காரர்.