வாயை மூடச் சொன்ன தம்பி

ஒரு தம்பியின் விலை, கட்டிலில் ஜன்னல் பக்கம், அலமாரியில் கால் பங்கு. அதற்கு மேல் ஒரு சாண்கூட ஏற மாட்டேன் என்றுவிட்டாள் ஷைனி. அலமாரியில் பாதி கேட்டுப் பார்த்தார் அப்பா எபினேசர். கால் பங்கிலேயே நின்றுவிட்டாள். கவரைப்பேட்டை நெடுஞ்சாலை ஓரம் அம்மா ஹெலன் நடத்தும் பழக்கடையில் வளர்ந்தவள் அவள். பத்து வயதிலேயே லாரி டிரைவர்கள் அவளிடம் பேரம் பேசத் தயங்குவார்கள்.

பதிலுக்கு அவள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. தத்தெடுத்து வருகிற பையன் முதல் நாளே அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுவான் என்று தெரு முழுக்க வேறு அளந்து வைத்திருந்தாள்.

ஆந்திரப் பக்கத்துக் குழந்தைகள் இல்லத்திலிருந்து நாலு வயதுச் சின்னா வந்து இறங்கினான். தமிழ் வாசனையே கிடையாது. வாசலில் வேடிக்கை பார்க்க எதிர்வீட்டுத் திலகவதி தலைமையில் கூட்டம். ஷைனி சின்னப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை நீட்டினாள்.

"டேய் தம்பி, நான்தான் ஒன் அக்கா. எங்க, சொல்லு... அக்கா!"

சின்னா பிஸ்கட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"மூடு" என்றான்.

திலகவதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "இன்னா ஹெலனு, வந்ததும் ஒம் பொண்ண வாய மூடுன்றான்! கரீட்டான ஆளத்தான் புட்ச்சிக்கினு வந்துகிறீங்க!"

"கதவ சொல்றான்க்கா. கூட்டத்தப் பாத்து பயந்துக்கினான்" என்று ஹெலன் கதவைச் சாத்தினாள்.

"மூடு!"

ஜன்னலை மூடினார்கள்.

"மூடு! மூடு!"

தண்ணீர்க் குடத்துக்குத் தட்டு, குழம்புச் சட்டிக்கு மூடி. மூட வேறொன்றும் மிஞ்சாமல் எபினேசர் தன் வாயையே பொத்திக்கொண்டு நின்றார். பையனின் உதடு பிதுங்கியது. ஷைனி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், இவனுக்கு என்னைப் பிடிக்கவே போவதில்லை.

அப்போதுதான் கவனித்தாள். பையன் கதவையும் பார்க்கவில்லை, சட்டியையும் பார்க்கவில்லை. கண் பாக்கெட்டிலேயே இருந்தது. கடையில் தினமும் பார்க்கிற பார்வை அது. தர்பூசணியைத் தட்டிக்கொண்டே நெல்லூர் லாரிக்காரர்கள் எண்ணுவது ஞாபகத்துக்கு வந்தது: ஒக்கட்டி, ரெண்டு, மூடு...

"நைனா, கதவத் தொற! மூடுன்னா தெலுங்குல மூணு! இவன் பேரம் பேசறான்!"

கதவு திறந்தது. ஷைனி இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டு."

"மூடு."

"ரெண்டுதான். கடைசி ரேட்டு!"

"மூடு!" இந்த முறை பல்லெல்லாம் தெரிய.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஷைனி சொன்ன விலையிலிருந்து இறங்கினாள். பாக்கெட்டில் இருந்த மூன்றையும் எண்ணிக் கொடுத்தாள். வாயில் ஒன்று, கைக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்ட சின்னா, தூள் பறக்க நிமிர்ந்தான்.

"அக்கா! நாலுகு!"

தெருவே கைதட்டியது. ஷைனி காலிப் பாக்கெட்டைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள், ஒன்றும் விழவில்லை. கேட்டது நாலு, கொடுத்தது மூன்று. அக்கா தரவேண்டிய பாக்கி, ஒரு பிஸ்கட்.